விட்டுப்போன ஐந்தாவது வாக்கியம்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டுப் பூட்டுக்குத்தான் உடம்பு சரியில்லை. உங்கள் முதுகுவலி குறைந்ததா?

போனில் உங்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவது ஆகிற காரியமில்லை என்று தெரிந்துவிட்டது. நான் ‘இஃப்’ என்று வாயைத் திறந்ததுமே அம்மா போனைப் பிடுங்கி, “ஏம்மா, சாப்பிட்டியா? கண்ணெல்லாம் உள்ள போயிருக்குமே!” என்று ஆரம்பித்துவிடுகிறாள். உங்கள் கண்ணைப் போனில் எப்படிப் பார்த்தாளோ. அதனால் இனிமேல் கடிதம்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பே எனக்குப் பயப்படுகிறது. ஒரு நாத்தனாருக்கு நீங்களும் கொஞ்சம் பயப்படுங்கள்.

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான தேர்வில் மற்ற எல்லாவற்றையும் நீங்கள் ஊதித் தள்ளிவிடுவீர்கள். இந்த ‘இஃப்’ வாக்கியங்களில்தான் கோட்டை விடுகிறீர்கள். முதல் விதி: ‘இஃப்’ இருக்கிற பாதிக்குள் ‘வில்’ நுழையக் கூடாது. ‘இஃப் இட் ரெயின்ஸ், தி பஸ் வில் பி லேட்.’ மழை பெய்தால் பஸ் தாமதமாகும். ‘இஃப்’ மாமியார், ‘வில்’ மருமகள். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தால்தான் அழகு. (இதை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.)

இப்போது பூட்டு விஷயம். வாசல் கதவைத் திறக்க நான் தினமும் தோளால் முட்ட வேண்டியிருக்கிறது. புதுப் பூட்டுப் போடலாம் என்றால் அம்மா விடவில்லை. “அண்ணன் கொண்டுபோன சாவி இந்தப் பூட்டோடதுடீ. மாத்திட்டா அவன் வந்து வெளிய நிப்பானா?” என்கிறாள். கப்பல் கவிழ்ந்து இரண்டு வருடம் ஆனாலும், கம்பெனிக்காரர்களே ‘காணாமல் போனவர்’ என்றுதானே எழுதியிருக்கிறார்கள், வேறு மாதிரி எழுதவில்லையே என்பது அவள் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். ஆகவே தோளால் முட்டுகிறேன்.

பத்து வாக்கியம் எழுதி அனுப்புங்கள்.

உங்கள் அன்பு நாத்தனார்


பிப்ரவரி 20

அன்பு டீச்சரம்மாவுக்கு,

முதுகுவலி என் சம்பளத்தைப் போல, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அத்தை கண்ணுக்கு மருந்து விடுகிறார்களா? நீ விட்டால்தான் உண்டு, அவர்களாக விட்டுக்கொள்ள மாட்டார்கள்.

வாக்கியங்கள் எழுதிவிட்டேன். ஆண்கள் வார்டில் உட்கார்ந்து எழுதியதால் எல்லாமே வார்டு வாடை அடிக்கும். ‘இஃப் யூ டோன்ட் கிளீன் தி வூண்ட், இட் ஸ்மெல்ஸ்.’ ‘இஃப் தி ஹெட் நர்ஸ் கம்ஸ், எவ்ரிபடி வில் ஸ்டாண்ட்.’ ‘இஃப் தி லிஃப்ட் வில் ஒர்க், மை பேக் வில் பி ஹாப்பி.’ கடைசியில் மருமகள் மாமியார் வீட்டுக்குள் புகுந்துவிட்டாள், எனக்கே தெரிகிறது. எழுதியதை அடிக்காமல் விட்டேன். நம் வீட்டில் அப்படித்தானே இருந்தோம், என்ன கெட்டுப்போனது?

விடுதி அறையில் என்னோடு இருக்கும் மருந்துக்கடைப் பெண் கேட்டாள்: “அக்கா, பாஸ் பண்ணிட்டா நிஜமாவே போயிடுவீங்களா?” பாஸ் ஆனால் பார்க்கலாம் என்றேன். போகிற எண்ணத்தைவிடப் படிக்கிற எண்ணம்தான் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. வேறு எதையும் நினைக்கவிடாத வேலை.

அத்தைக்கு என் வணக்கம். தோளைப் பார்த்துக்கொள்.

அண்ணி


மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

அம்மாவுக்கு மருந்து விட்டாயிற்று. கண்ணில் பாதி, கன்னத்தில் பாதி. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

பத்துக்கு எட்டரை. லிஃப்ட் வாக்கியத்துக்கு அரை மதிப்பெண் கருணையில் போட்டேன்.

இனி இரண்டாவது வகை. நடக்கக்கூடியதைச் சொன்னால் முதல் வகை. நடக்காது என்று தெரிந்தே சும்மா கற்பனை செய்தால் இரண்டாவது வகை. அதில் ‘இஃப்’ பாதியில் இறந்தகாலம் போட்டு, மறுபாதியில் ‘வுட்’ போட வேண்டும். ‘இஃப் ஐ ஹேட் விங்ஸ், ஐ வுட் ஃப்ளை டு யூ.’ எனக்கு இறக்கை இருந்தால் உங்களிடம் பறந்து வருவேன். இறக்கை இல்லை, முளைக்கப்போவதும் இல்லை. அதனால் இரண்டாவது வகை.

வகுப்பில் பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொள்கிற இடம் இதுதான். தமிழில் ‘வந்தால்’ என்று ஒரே சொல். மழை வந்தால் என்றும் சொல்லலாம், நிலாவே இறங்கி வந்தால் என்றும் சொல்லலாம். வருமா வராதா என்று பேசுகிறவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. ‘கம்ஸ்’ போடுவதா ‘கேம்’ போடுவதா என்று முதலிலேயே மனதுக்குள் முடிவு செய்துவிட வேண்டும். கறாரான பாஷை.

கீழே ஆறு வாக்கியங்கள் பாதியில் நிற்கின்றன. எது எந்த வகை என்று நீங்களே முடிவு செய்து நிரப்புங்கள். ஐந்தாவது வாக்கியத்தை உங்களுக்காகவே போட்டிருக்கிறேன்: ‘என் கணவர் வீட்டுக்கு வந்தால், மாடியில் ஒரு அறை கட்டுவோம்.’ இதை ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

அம்மா பக்கத்தில் நின்று, “என்ன எழுதற, இவ்வளவு நேரமா?” என்கிறாள். பாடம் என்றால் நம்பவில்லை.

உங்கள் அன்பு நாத்தனார்


மார்ச் 31

அன்பு டீச்சரம்மாவுக்கு,

தாமதத்துக்குக் கோபப்படாதே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உங்கள் ஊரில் வெயில் எப்படி? அத்தையை மதியத்தில் வெளியே விடாதே.

வார்டில் கூட்டம். ஒரே சமயத்தில் எலும்பு முறிந்தவர்கள் நாலைந்து பேர். அவர்களோடு, சர்க்கரை முற்றிக் காலில் ஆறாத புண்ணோடு ஒரு கப்பல் சமையல்காரர். விரல் போய்விடும் என்று டாக்டர் சொல்கிறார்; இல்லை, காப்பாற்றலாம் என்று நான் தினமும் கட்டு மாற்றுகிறேன். நல்ல மனிதர். அதிகம் பேசமாட்டார். கட்டுப் போடும்போது காலைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அதட்டிவிட்டேன்.

வாக்கியங்களை அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது வகை என்று ஒன்று உண்டாமே, எங்கள் மருந்துக்கடைப் பெண் சொன்னாள். அதையும் சீக்கிரம் சொல்லிக்கொடு.

அண்ணி


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அம்மா மதியத்தில்தான் துணி காயப்போடுவேன் என்கிறாள். நீங்கள் தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஊருக்கு உபதேசம் செய்கிற நர்ஸுகள்தான் தாங்கள் குடிப்பதில்லை.

ஆறில் ஐந்து வாக்கியங்கள் வந்தன. ஐந்துமே சரி! ஆனால் நாலுக்கு அடுத்து நேராக ஆறு இருக்கிறது. ஐந்தாவது எங்கே? ஒருவேளை அவசரத்தில் விட்டுவிட்டீர்களா? எல்லாவற்றிலும் சுலபமானது அதுதானே, அண்ணி. முதல் வகை. அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்புங்கள்.

மூன்றாவது வகை கேட்டீர்கள். முடிந்துபோன காரியத்துக்கு அது. நடந்தது நடந்துவிட்டது, இனி மாற்ற முடியாது, ஆனால் வேறு மாதிரி நடந்திருந்தால் என்று சொல்வது. ‘இஃப் ஐ ஹேட் ஸ்டடீட், ஐ வுட் ஹேவ் பாஸ்ட்.’ படித்திருந்தால் தேறியிருப்பேன். தேர்வு முடிந்த பிறகு பிள்ளைகள் பாடுகிற ஒப்பாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது தேவைப்படாது.

மாடி அறைப் பேச்சை எடுத்ததிலிருந்து அம்மாவுக்கு அதே நினைப்பாகிவிட்டது. பெயின்ட் கடையிலிருந்து வண்ண அட்டை வாங்கிவந்தேன். அண்ணனுக்கு வெளிர்நீலம் பிடிக்கும் என்று அவள். கப்பலில் நீலத்தைப் பார்த்துச் சலித்திருப்பான், மஞ்சள் போடலாம் என்று நான். நீங்கள் யார் பக்கம்?

உங்கள் அன்பு நாத்தனார்


ஜூன் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

நீயும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும். உன்னுடைய இரண்டு கார்டுகளும் கிடைத்தன. பதில் போடாதது என் தப்பு. போனிலும் டியூட்டி, டியூட்டி என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தை அத்தை இல்லாத இடத்தில் படி. உட்கார்ந்து படி.

அந்தச் சமையல்காரரை அதட்டினேன் என்று எழுதினேன் அல்லவா. அதற்கு அவர் சொன்னார்: “தப்பா நினைக்காதீங்கம்மா. உங்க போட்டோவை நான் பார்த்திருக்கேன். இன்ஜின் ரூம்ல ஒட்டியிருந்துச்சு. இன்ஜின் அண்ணன் எல்லாருக்கும் காட்டுவாரு.”

உன் அண்ணன் போன கப்பலில்தான் அவரும் இருந்திருக்கிறார். மீட்கப்பட்டு வேறு நாட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு வேறு கப்பல்களில் வேலை பார்த்து, கால் கெட்டுப்போய் இந்த வார்டுக்கு வந்திருக்கிறார். என்னைப் பார்த்த முதல் நாளே தெரிந்துவிட்டதாம். சொல்ல வாய் வரவில்லையாம்.

கப்பல் சாய்ந்தபோது உன் அண்ணன் மேலே வந்துவிட்டார். மிதவைச் சட்டையும் போட்டுவிட்டார். சமையல்காரரைக் காணோம் என்று யாரோ கத்தியிருக்கிறார்கள். இவர் கீழே அடுப்பறையில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்திருக்கிறார். உன் அண்ணன் திரும்ப இறங்கிப் போய், இவரைத் தூக்கி, ஏணியில் முன்னால் ஏற்றிவிட்டிருக்கிறார். இவர் மேலே கால் வைத்ததும் கப்பல் புரண்டது. இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. உன் அண்ணன் உள்ளேயே இருக்க, தண்ணீர் புகுந்துவிட்டது. “என் கண்ணால பார்த்தேம்மா” என்றார். கம்பெனியிலும் சொன்னாராம். உடல் கிடைக்காததால் ‘காணாமல் போனவர்’ என்றே எழுதிக்கொண்டார்களாம்.

மறுநாள் கட்டுப் பிரிக்கப் போனேன். இந்தக் காலுக்காகவா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை உன்னிடம் மறைக்கவில்லை. மருந்துத் தட்டை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றேன். பிறகு திரும்பிப் போய்க் கட்டினேன். அன்றிலிருந்து தினமும் நான்தான் கட்டுகிறேன், வேறு யாரையும் விடுவதில்லை. இவர் காலும் போய்விட்டால் அவர் இறங்கிப் போனதற்கு என்னதான் மிச்சம்?

மார்ச் கடைசியிலேயே எனக்குத் தெரியும். எழுத உட்காருவேன். நீ பெயின்ட் பற்றி எழுதியிருப்பாய். எப்படி எழுதுவது? இன்னொரு பயமும் இருந்தது, அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

நீ கேட்ட ஐந்தாவது வாக்கியம் முதல் வகையில் வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. ‘இஃப் ஹி ஹேட் ஸ்டேட் ஆன் தி டெக், ஹி வுட் ஹேவ் கம் ஹோம்.’ மேலேயே நின்றிருந்தால் வீட்டுக்கு வந்திருப்பார். திருத்திக் கொடு.

அத்தைக்குச் சொல்வதா வேண்டாமா என்பது உன் முடிவு. நீ எதைச் சொன்னாலும் சரி.

அண்ணி


ஜூன் 8

அண்ணி,

கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூடக் கழிப்பறையில் நின்று படித்தேன். வேறு தனி இடம் இல்லை.

மார்ச்சிலேயே உங்களுக்குத் தெரியும். ஏப்ரலில் நான் மஞ்சளா நீலமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதற்கு மேல் இப்போது எழுத முடியவில்லை.

வாக்கியத்தில் பிழை இல்லை.


ஜூலை 11

அன்புள்ள அண்ணிக்கு,

அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நானும். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. உங்கள்மேல் கோபப்படாமல் வேறு யார்மேல் படுவேன்? ஆனால் ஒரு மாதம் நானே அதை மடியில் கட்டிக்கொண்டு அலைந்தபோது தெரிந்தது. அம்மா “அவன் வந்தா” என்று ஆரம்பிக்கிற ஒவ்வொரு தடவையும் நெருப்பை மிதித்த மாதிரி இருந்தது. நீங்கள் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன். கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை ஒரு துண்டை மடித்துக்கொண்டே இருந்தாள். மடிக்க இடமில்லாமல் போகும்வரை மடித்தாள். பிறகு கேட்டாள்: “அந்த ஆளு பொழைச்சானா?”

“பொழைச்சாரும்மா. அண்ணிதான் கால்ல கட்டுப் போடறாங்க.”

“அவ தெரிஞ்சா போடறா?”

“தெரிஞ்சுதான்.”

அம்மா அந்தத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அவளை அப்படி அழுது பார்த்ததில்லை. இரண்டு வருட அழுகை, அண்ணி. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் கதவைத் தோளால் முட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து சொன்னாள்: “பூட்டுக்காரனைக் கூப்பிடு. எத்தனை நாளைக்கு இடிச்சிக்கிட்டு இருப்ப?” அவ்வளவுதான்.

நேற்று இன்னொன்று சொன்னாள். அந்தச் சமையல்காரர் நடக்கிற மாதிரி ஆனதும் அவரைப் பார்க்க வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 1

அன்புள்ள சின்னவளுக்கு,

அத்தை துணி மடித்ததைப் படித்தபோது ஓடி வந்துவிடலாமா என்றிருந்தது. விடுப்புக் கொடுக்க மறுக்கிறார்கள். அத்தை உடம்பைப் பார்த்துக்கொள், உன்னையும்.

சமையல்காரருக்கு ஒரு விரல் போனது, கால் தங்கிவிட்டது. கைத்தடியோடு நடக்கிறார். அத்தை பார்க்க வேண்டும் என்கிறார்கள் என்று சொன்னதும் முகம் செத்துப்போனது. “வர்றேம்மா. திட்டட்டும், அடிக்கட்டும். நான் வாங்கிக்கணும்” என்றார். பதினேழாம் தேதி பஸ்ஸில் வருகிறார். அன்றைக்குத்தான் எனக்குத் தேர்வு. நான் கூட வர முடியாது. அத்தை ஏதாவது கடுமையாகச் சொன்னால் நீ குறுக்கே போகாதே. பிறகு அவருக்கு ஒரு வாய் தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்பு.

அண்ணி


ஆகஸ்ட் 18

அன்புள்ள அண்ணிக்கு,

தேர்வு நன்றாக எழுதியிருப்பீர்கள். கை வலிக்கிறதா? இங்கே நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மத்தியானம் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவே இல்லை. அம்மாதான் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்க ஆரம்பித்தாள் பாருங்கள்! அண்ணன் கப்பலில் என்ன சாப்பிடுவான், இருமல் இருந்ததா, யாரோடு சிரித்துப் பேசுவான், தலைக்கு எண்ணெய் வைப்பானா. எல்லாவற்றுக்கும் அவர் பதில் சொன்னார். சமையல்காரர் அல்லவா, சாப்பாட்டு விஷயம் ஒன்றுகூட மறக்கவில்லை. “ரொட்டி கருகினா அதுதான் வேணும்னு கேப்பாரும்மா” என்றார். அம்மா சிரித்தாள். நம் வீட்டிலும் அப்படித்தானே கேட்பான்.

திடீரென்று அவர் உடைந்துவிட்டார். “நான் அன்னிக்கு வழுக்கி விழாம இருந்திருந்தா, அவரு இறங்கி வராம இருந்திருந்தா, இந்த நாற்காலியில அவரு உட்கார்ந்திருப்பாரும்மா...”

அம்மா அவரை முடிக்கவிடவில்லை. “போதும்ப்பா. இருந்திருந்தா, வந்திருந்தா, அதெல்லாம் நான் ரெண்டு வருஷமா பேசிட்டேன். அவன் ஒருத்தனைத் தூக்கி மேல விட்டான். அந்த ஒருத்தன் வந்திருக்கான். காலைக் காட்டு, பார்க்கலாம்.”

தரையில் உட்கார்ந்து அவர் காலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். “சுத்தமாக் கட்டியிருக்கா” என்றாள் உங்களைப் பற்றி.

உங்கள் அன்பு நாத்தனார்


செப்டம்பர் 22

அன்புள்ள சின்னவளுக்கு,

அத்தையும் நீயும் நலம்தானே? நான் தேறிவிட்டேன்! எழுத்தில் நல்ல மதிப்பெண். பேச்சுத் தேர்வில் ‘உனக்கு நிறையப் பணம் கிடைத்தால் என்ன செய்வாய்?’ என்று கேட்டார்கள். முழுக்க ‘வுட்’ போட்டே பதில் சொன்னேன், ஒரு ‘வில்’ நுழையவில்லை. வேலைக்கான உத்தரவும் வந்துவிட்டது. நவம்பரில் கிளம்பலாம்.

ஜூனில் ஒரு பயத்தை எழுதாமல் விட்டேன் என்றேனே. இப்போது எழுதிவிடுகிறேன். அவர் இருக்கிறார் என்று இருந்தவரைக்கும் நான் அந்த வீட்டு மருமகள், உனக்கு அண்ணி. அவர் இல்லை என்று நானே வாயால் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் உங்களுக்கு நான் யார்? எனக்கு வேறு வீடு கிடையாது. அதனால்தான் நாக்கு எழவில்லை. சிறுபிள்ளைத்தனம் என்று தோன்றினால் சிரித்துவிட்டு மறந்துவிடு.

கிளம்புவதற்கு முன் ஒரு தடவை வந்து உங்களைப் பார்த்துவிட்டுப் போகலாமா?

அண்ணி


அக்டோபர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

கை தவறி எழுதிவிட்டேன் என்று நினைக்காதே. அம்மாவின் உத்தரவு.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அந்தப் பயம் வந்த இடத்தில் நான் நிறுத்தினேன். படி என்றாள், படித்தேன். பிறகு சொன்னாள்: “இனிமே அவளை அண்ணின்னு கூப்பிடாதே. அண்ணின்னா நடுவுல அண்ணன் வேணும். நாளைக்கு அவளுக்கு வேற ஒரு வாழ்க்கை அமையும், அமையணும். அப்ப அண்ணின்னு கூப்பிட்டா அவளுக்கும் சங்கடம், வர்றவனுக்கும் சங்கடம். அக்கான்னு கூப்பிடு. அக்கா எங்க போனாலும், யாரைக் கட்டினாலும் அக்காதான்.”

இத்தனை வருடம் ‘நீங்கள், வாருங்கள்’ என்று பேசியவளை ‘நீ’ என்று எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் சொந்த அக்காவுக்கு மரியாதை கொடுக்கிற தங்கை எந்த ஊரில் இருக்கிறாள்? பழகிக்கொள்கிறேன், நீயும் பழகிக்கொள்.

வந்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாயே, அதற்கு மட்டும் அம்மாவுக்குக் கோபம். “பொறந்த வீட்டுக்கு வரதுக்கு யாராவது கேட்டுட்டு வருவாங்களா?” என்றாள். அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தால் சாப்பாடு கிடையாதாம்.

பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன். எந்த பஸ் என்று மட்டும் எழுது.

உன் தங்கை